தடுப்புக்காவல்: கைது அல்ல

காரைக்குடி, தேவகோட்டைச் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் வரி: ‘வாலிபர் குண்டர் சட்டத்தில் கைது’. கீழே படித்தால் அந்த வாலிபர் ஏற்கெனவே மதுரை மத்திய சிறையில் இருப்பார். உள்ளே கிடப்பவரை மறுபடி எங்கே போய்க் கைது செய்வது?

நடப்பது இதுதான். ரிமாண்டில் இருப்பவர் ஜாமீனில் வந்துவிடுவார், அவரைத் தடுத்து வைக்க வேண்டும் என்று எஸ்.பி. பரிந்துரைக்கிறார். சிவகங்கை ஆட்சியர் உத்தரவிடுகிறார். உத்தரவு சிறையிலேயே சார்வு செய்யப்படுகிறது, அதாவது அவர் கையில் கொடுக்கப்படுகிறது. இதற்குப் பெயர் தடுப்புக்காவல். தடு, கா இரண்டும் தமிழ் வேர்கள். பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டுக்குப் போடுகிற அதே காவல்தான். ‘கைது’ உருது வழியே வந்த அரபுச் சொல். வந்துவிட்டுப் போகட்டும், என் சண்டை அதோடு இல்லை.

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அவர் வக்கீல் வைத்துக்கொள்ளலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்பு தரும் இந்த உரிமைகளைத் தடுப்புக்காவலுக்கு அதே உறுப்பு மறுக்கிறது. குண்டர் சட்டத்தில், இனிமேல் குற்றம் செய்வார் என்ற கணிப்பின் பேரிலேயே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். 1980ஆம் ஆண்டுத் தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கணக்குதான்.

சிலர் ‘முன்னெச்சரிக்கைக் கைது’ என்று எழுதித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசம். மறியலுக்கு முன் ஆட்களைப் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்துச் சாயங்காலம் விடுகிறார்களே, அதுதான் முன்னெச்சரிக்கைக் கைது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 151, இப்போது அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 170, அந்தப் பிரிவின்படி 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது. ஒரு நாளையும் ஒரு வருடத்தையும் ஒரே சொல்லில் அடைத்தால் எப்படி?

‘குண்டர்’ என்பதும் அரைகுறை. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14ஆம் தமிழ்நாட்டுச் சட்டத்தின் முழுப் பெயரில் சாராயம் காய்ச்சுவோர், மணல் அள்ளுவோர், திருட்டு வீடியோ போடுவோர்கூட உண்டு. வாய்க்கு எளிது என்று எல்லோரையும் குண்டராக்கிவிட்டோம்.

‘கைது’ என்று படித்த குடும்பம் ஜாமீனுக்கு அலையும். வழக்கில் ஜாமீன் கிடைத்தாலும் ஆள் வெளியே வரமாட்டார். பார்க்க வேண்டியவை வேறு: காவலுக்கான காரணங்கள் 5 நாளுக்குள் கைக்கு வந்தனவா, அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தந்ததா, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு 3 வாரத்துக்குள் போனதா, கொடுத்த முறையீட்டைக் கிடப்பில் போட்டார்களா. இவற்றில் ஓட்டை இருந்தால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

கொடுத்த நகல் படிக்க முடியாதபடி மங்கியிருந்தாலும், ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் இல்லாவிட்டாலும் உத்தரவு ரத்தாவதுண்டு. ஹரிகிசன் வழக்கில், இந்தி மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலத்தில் காரணங்களைக் கொடுத்து வாயால் விளக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே சொல்லிவிட்டது. போலீஸ் மொழிபெயர்ப்புக்காவது இப்படி ஒரு கேள்வி உண்டு. பத்திரிகைத் தமிழை யார் கேட்கிறார்கள்?