நீளமான ஷாட் எல்லாம் ஆழமான ஷாட் ஆகிவிடாது

எடிட் அறைக்குக் குறும்படம் கொண்டுவரும் இளைஞர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் பெயர், ரஷ்ய இயக்குநர் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி. டைம்லைனில் ஒரு பையன் ஜன்னல் பக்கம் இரண்டு நிமிடம் நின்றுகொண்டிருப்பான். "இங்கே லேக் அடிக்குதே தம்பி, குறைக்கலாமா?" என்றால், "தார்க்கோவ்ஸ்கி ஸ்டைல் சார்" என்று பதில் வரும். இன்னொரு பக்கம், அவர் படத்தில் பாதியிலேயே தூங்கிவிட்டு, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, ஆகா ஓகோ என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

சலித்தால் சலித்தது என்று சொல்லுங்கள். தார்க்கோவ்ஸ்கியின் 'கண்ணாடி' (1975) படம் வந்தபோது அவருக்கே அப்படிக் கடிதங்கள் போயிருக்கின்றன. அரை மணி நேரம் பார்த்ததுமே, புரிந்துகொள்ள முயன்று கடும் தலைவலி வந்துவிட்டது என்று லெனின்கிராடிலிருந்து ஒரு பெண் பொறியாளர் எழுதினார். என் சிறுவயதும் இப்படித்தான் இருந்தது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார் கோர்க்கி நகரத்துப் பெண் ஒருவர். இரண்டு கடிதங்களையும் தன் புத்தகத்தின் முன்னுரையிலேயே அவர் சேர்த்திருக்கிறார்.

சரி, ஆழமா பாவனையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? என் தொழிலில் ஒரு வழி உண்டு. ஷாட்டைப் பாதியாக வெட்டிப் போட்டுப் பார்ப்பேன். நேரம் மட்டும்தான் மிச்சமானது, வேறெதுவும் குறையவில்லை என்றால் அந்த நீளம் தேவையில்லை.

'நாஸ்டால்ஜியா'வின் (1983) மெழுகுவத்திக் காட்சியை மனதுக்குள் அப்படி வெட்டிப் பார்த்திருக்கிறேன். இத்தாலியில் பான்யோ விக்னோனி என்ற ஊரில், தண்ணீர் வடிந்த ஒரு பழைய வெந்நீர்க் குளம். நாயகன் எரியும் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிறான். அணைந்துவிடுகிறது. திரும்பி வந்து, ஏற்றி, மறுபடி நடக்கிறான். மறுபடி அணைகிறது. மூன்றாம் முறைதான் போய்ச் சேர்கிறான். சுமார் 9 நிமிடம், ஒரே ஷாட், நடுவில் ஒரு கட்கூட இல்லை. மூன்று கட் போட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், கதையும் குறையாது. ஆனால் இரண்டாம் முறை அணையும்போது எனக்கு 'ஐயோ' என்று இருந்ததே, அது இருக்காது. அவன் வெறுங்கையாகத் திரும்பி வந்த தூரத்தை நானும் பார்த்துக்கொண்டே இருந்ததால் வந்த பதைப்பு அது.

'ஸ்டாக்கர்' (1979) சுமார் 160 நிமிடப் படம், ஷாட்டுகள் 142தான்; ஒரு ஷாட் சராசரியாக ஒரு நிமிடத்துக்கும் மேல். அதில் மூன்று பேர் தண்டவாள டிராலியில் போகும் இடத்தை நல்ல ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். சக்கரத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக எலக்ட்ரானிக் இசையாக மாறியிருக்கும். எந்த இடத்தில் மாறியது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அவர் எடுத்த எல்லாமே இந்தச் சோதனையில் இப்படி நிற்பதில்லை. கதாபாத்திரங்கள் தத்துவம் பேசத் தொடங்கினால் நான் கடிகாரம் பார்த்துவிடுகிறேன். கடைசிப் படமான 'தியாக'த்தின் (1986) தொடக்கப் பேச்சுகள் பலவும், காட்சியே சொல்லியிருக்க வேண்டியதை வாயால் சொல்லிக் கனம் தேடுகின்றன. எனக்கு அது பாவனையாகத்தான் படுகிறது. அதே படத்தின் இறுதியில் வீடு எரிவதை ஒரே ஷாட்டில் பார்க்கும்போது ஒரு வசனமும் தேவைப்படவில்லை.

அந்த ஜன்னல் ஷாட்டை 20 விநாடியாகக் குறைத்தோம். தம்பிக்கு வருத்தம்தான். அவனுடைய படத்தில் அம்மா பூ கட்டும் ஷாட் ஒன்று 50 விநாடி இருந்தது. நூல் அறுந்துபோகிறது, முடிச்சுப் போட்டுவிட்டு மறுபடி கட்டுகிறார். அதைத் தூக்கிவிடலாம் சார் என்றான். ஒரு பிரேம்கூட எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.