சளி பச்சையா வந்தா உடனே ஆன்டிபயாடிக்கா?

பெங்களூருக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சுன்னா சைனஸ் கேரண்டின்னு இங்க நம்ம ஆளுங்க எல்லாரும் சொல்வாங்க. நிறைய பேருக்கு அது அலர்ஜிதான், தூசியும் பூந்தாதும் சேர்ந்து பண்ற வேலை. மூக்கு அரிப்பு, வரிசையா தும்மல், தண்ணியா ஒழுகறதுன்னா அலர்ஜி பக்கம்தான் பாக்கணும். சளியே இல்லாம அடிக்கடி தலை மட்டும் இடிக்குதுன்னா அது பெரும்பாலும் மைக்ரேன்.

நிஜ சைனஸ் இன்ஃபெக்ஷன் எப்படி வருதுன்னா, முகத்து எலும்புக்குள்ள 4 ஜோடி காத்து அறை இருக்கு, நெத்தியில, கன்னத்துல, கண்ணுக்கு நடுவுல, இன்னும் உள்ள தள்ளி ஒண்ணு. உள்சுவர்ல ஊறுற சளிய கண்ணுக்குத் தெரியாத சின்ன முடிங்க ஓயாம தள்ளி மூக்குக்குள்ள விடும். இதுல கன்னத்து அறையோட டிசைன் ரொம்ப மோசம், அடியில வைக்க வேண்டிய ஓட்டைய மேல வச்ச தண்ணி டேங்க் மாதிரி, சளிய மேல ஏத்தித்தான் வெளியேத்தணும். ஜலதோஷத்துல சவ்வு வீங்கினா சில மில்லிமீட்டர் அகலமே இருக்கற அந்த வழி அடைச்சுக்கும், முடிங்க வேலையும் மந்தமாயிடும், சளி தேங்கும், கன்னமும் மேல்பல்லும் கனத்துப்போய் குனிஞ்சா வலிக்கும்.

இதுவரைக்கும் வைரஸ் வேலைதான். தேங்கின சளில பாக்டீரியா பெருகறது ரொம்ப கம்மி பேருக்குத்தான், நூத்துல ரெண்டு பேருக்குக் கூட வராது. பச்சை நிறம் இதுக்கு ஆதாரமே கிடையாது, அது சண்டைக்கு வந்த வெள்ளை அணுக்கள்ல இருக்கற ஒரு என்சைமோட கலர், வைரஸுக்கும் அதே கலர்தான் வரும். கலர விட்டுட்டு எத்தனை நாளாச்சுன்னு எண்ணுங்க. 10 நாள் தாண்டியும் கொஞ்சம்கூட குறையல, இல்ல 5, 6 நாள்ல சரியாகற மாதிரி இருந்து திரும்ப காய்ச்சலோட மோசமாச்சு, இல்ல ஆரம்பத்துலயே 102 டிகிரி காய்ச்சலும் முகவலியும் கெட்டிச் சளியும் 3, 4 நாள் விடாம இருக்கு, அப்பதான் டாக்டர் ஆன்டிபயாடிக் யோசிப்பாங்க, அதுவும் பொதுவா அமாக்ஸிசிலின் வகை. மெடிக்கல் ஷாப்ல நாமளே கேட்டு வாங்கற அஜித்ரோமைசின் இதுக்கு சரியான சாய்ஸ் இல்ல, பல கிருமிங்க அதுக்குப் பழகிடுச்சு.

மத்தபடி பாராசிட்டமால், தண்ணி, தூக்கம், அப்புறம் உப்புத்தண்ணி. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி ஒரு டம்ளர், அயோடின் இல்லாத உப்பு அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்ப சோடா. சிங்க்ல குனிஞ்சு தலைய சாய்ச்சு வாயால மூச்சு விட்டுக்கிட்டே மேல் மூக்குல ஊத்தினா கீழ் மூக்கு வழியா வரும். குழாய்த்தண்ணி, போர் தண்ணி அப்படியே வேணாம், அபூர்வமா அதுல இருக்கற மூளைய தின்னும் அமீபா மூக்கு வழியாத்தான் உள்ள ஏறும். ஆவி பிடிச்சா கொஞ்ச நேரம் இதமா இருக்கும், அவ்வளவுதான், சட்டிய கவுத்துக்காதீங்க. மூக்கடைப்பு டிராப்ஸ் 3 நாளுக்கு மேல போட்டா அடைப்பு முன்னவிட ஜாஸ்தியாகும்.

ஒரே பக்கம் மட்டும் நாத்தமா வந்தா பல் டாக்டர்கிட்டயும் காட்டுங்க, மேல் கடவாப்பல் வேர் கன்னத்து சைனஸ் தரைய ஒட்டியே இருக்கு. 12 வாரம் தாண்டினா அது க்ரானிக், ஸ்டீராய்டு ஸ்ப்ரே, எண்டோஸ்கோப்பி, ஸ்கேன்னு ஈஎன்டி பாத்துப்பாங்க. கண்ணைச் சுத்தி வீக்கம், ரெண்டு ரெண்டா தெரியறது, கழுத்து மடக்க முடியாத தலைவலின்னா நாள் எண்ணாம எமர்ஜென்சிக்கு ஓடணும். கட்டுப்படாத சுகர் இருக்கறவங்களுக்கு முகம் மரத்துப்போறது, மூக்குல கறுப்பா பொருக்கு வர்றதும் இதே கணக்குதான், 2021ல கோவிடுக்கு அப்புறம் வந்த கறுப்புப் பூஞ்சை இப்படித்தான் சைனஸ்ல ஆரம்பிச்சு கண்ணுக்கு ஏறுச்சு.