நீராவி மின்னாற்பகுப்பு

அடுப்பில் கெண்டி கொதிக்கும்போது அதன் மூக்கை உற்றுப் பாருங்கள். நுனியை ஒட்டி விரற்கடை அளவுக்கு ஒன்றுமே இல்லாதது போல இருக்கும்; அதற்கு அப்பால்தான் வெண்மை தொடங்கும். அந்த வெண்மை, ஆவி குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகள். ஒன்றுமில்லாதது போலத் தெரியும் அந்த விரற்கடையில் இருப்பதே நீராவி. அதை 700 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, மின்சாரத்தைச் செலுத்தி ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தனித்தனியே பிரிப்பதுதான் நீராவி மின்னாற்பகுப்பு.

இங்கிலாந்தைச் சேர்ந்த நிக்கல்சனும் கார்லைலும் மின்சாரத்தால் நீரைப் பிரித்தது 1800-ஆம் ஆண்டில். மின்னாற்பகுப்புக்கு ‘எலெக்ட்ராலிசிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அறிவியலாளர் ஃபாரடே வழங்கியது 1834-இல். கிரேக்கத்தில் எலெக்ட்ரான் என்பது அம்பர், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசின். தேய்த்தால் துரும்பை இழுக்கும் அதன் குணமே மின்சாரத்துக்குப் பெயர் தந்தது. லைசிஸ் என்றால் கட்டவிழ்த்தல். தமிழோ பிசினை நாடவில்லை, வானத்தைப் பார்த்தது. மின்னல், மின்மினி ஆகியவற்றில் ஒளிரும் அதே ‘மின்’தான் இங்கும் நிற்கிறது. ‘பகு’ என்பது பகுதி, பகிர்வு ஆகியவற்றின் வேர்.

இந்தச் சொல்லில் நான் மிகவும் மதிப்பது நடுவில் இருக்கும் ‘ஆல்’. மின்னால் + பகுப்பு, ல் ற் ஆகத் திரிந்து மின்னாற்பகுப்பு ஆனது. எதனால் பகுக்கிறோம் என்பதை மூன்றாம் வேற்றுமை உருபு ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘மின்பகுப்பு’ சுருக்கமானது, வாய்க்கும் எளிது. ஆனால் உருபு மறைந்துவிடுவதால், மின்னையே பகுக்கிறோம் என்றும் பொருள்கொள்ள இடமுண்டு.

நீராவியைப் பகுக்கும்போது அந்த ‘ஆல்’ பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 25 டிகிரியில் ஒரு மோல், அதாவது சுமார் 18 கிராம், நீரைப் பிரிக்க மொத்தம் 286 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதில் குறைந்தது 237 மின்சாரமாகவே வந்தாக வேண்டும். 800 டிகிரி ஆவிக்கு மொத்தத் தேவை ஏறத்தாழ 248. மின்சாரமாகத் தர வேண்டியதோ சுமார் 189 மட்டுமே. மீதியை வெப்பம் பார்த்துக்கொள்ளும். கொதிக்க வைக்கும் செலவும் வெப்பத்தின் கணக்கில்தான் சேரும். ஆகவே வெப்பம் வீணாகும் இடமே இதற்கு ஏற்ற இடம். ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் உருக்காலையில் கழிவு வெப்பத்தில் எழும் நீராவியைக் கொண்டு இம்முறையை இயக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

இதனை ‘உயர்வெப்ப மின்னாற்பகுப்பு’ என்று எழுதுவது தவறு. வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு; இங்கே உயர்ந்திருப்பது வெப்பநிலை. ‘உயர்வெப்பநிலை மின்னாற்பகுப்பு’ பிழையற்றது. ஆனாலும் உருகிய உப்பிலிருந்து சோடியம் எடுப்பதும் உயர்வெப்பநிலையில் நடக்கும் மின்னாற்பகுப்புதானே? எதைப் பகுக்கிறோம் என்று சொல்வதால் ‘நீராவி மின்னாற்பகுப்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நீராவி என்றதுமே சூடும் அதில் அடங்கிவிடுகிறது.

இன்னொரு சொல்லும் இங்கே இடறுகிறது. மின்வாய்களுக்கு இடையே இருக்கும் பொருளைப் பாடநூல்கள் மின்பகுளி (எலெக்ட்ரோலைட்) என்கின்றன. மின்பகுளி என்றால் மின்னால் பகுபடும் பொருள்; ஃபாரடே ‘எலெக்ட்ரோலைட்’ என்று பெயர் வைத்ததும் அதே பொருளில்தான். நீராவியைப் பகுக்கும் கலத்தின் நடுவில் இருப்பதோ இட்ரியம் ஆக்சைடு கலந்த சிர்கோனியப் பீங்கான் தகடு. எதிர்மின்வாயில் ஆவி எலெக்ட்ரான்களைப் பெற்று ஹைட்ரஜனை விடுவிக்கிறது. எஞ்சும் ஆக்சைடு அயனி பீங்கானுக்குள் ஊடுருவி நேர்மின்வாயை அடைந்து ஆக்சிஜனாகிறது. பகுபடுவது ஆவி. பீங்கான் பகுபடுவதில்லை, வழி மட்டும் விடுகிறது. பாடநூல் வழக்கை மாற்ற வேண்டாம். ஆனால் இக்கலத்தைத் தமிழில் விளக்குபவர்கள் அந்தத் தகட்டை ‘அயனி கடத்தி’ என்று எழுதினால், படிக்கும் மாணவர் பீங்கான் எப்படிப் பகுபடும் என்று குழம்ப மாட்டார்.