பரணில் கிடக்கும் குண்டு டிவியை என்ன செய்வது?

மண்டபம், பாம்பன் பக்கம் பல வீடுகளில் பரணில் ஒரு குண்டு டிவி கிடக்கும். 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்தது. 2011க்குப் பிறகு வந்த மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் அதன் பக்கத்திலேயே தூங்கும். நம்ம உப்புக்காற்றுக்கு எதுதான் தாங்குகிறது, ஃபிரிட்ஜ் வாங்கிச் சில வருஷத்திலேயே அடித்தகடு பொரிப்பொரியாக உதிர ஆரம்பித்துவிடும். பழைய இரும்புக்காரர் வண்டி வந்தால் போட்டுவிடுவதுதான் வழக்கம். ஆனால் இதற்கென்று ஒரு விதி இருக்கிறது.

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022. நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 1. முன்பு 21 வகைப் பொருள்களுக்கு மட்டும் இருந்தது, இப்போது 106. மிக்ஸி, டியூப் லைட், யுபிஎஸ், சோலார் பேனல், படகில் வைக்கிற ஜிபிஎஸ் எல்லாமே இதில் வரும்.

முதலில் ஒன்று: இது உங்கள் கையில் காசு தருகிற திட்டம் இல்லை. செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான் விதியின் சாரம், அந்தத் தலை கம்பெனியுடையது. ஒரு பொருள் சராசரியாக எத்தனை வருஷம் உழைக்குமோ, அத்தனை வருஷத்துக்கு முன்பு தான் விற்ற எடையில் ஒரு பங்கை மறுசுழற்சி செய்ததாகக் கம்பெனி சான்றிதழ் காட்ட வேண்டும். தொடக்கத்தில் 60 சதவீதம், 2025-26இல் 70, 2027-28இல் 80. அந்தச் சான்றிதழை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம்தான் வாங்க முடியும். ஆக, நீங்கள் கொடுக்கிற பழைய டிவிக்கு அங்கே தேவை இருக்கிறது.

சரி, கடைக்காரர் பழையதைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டுமா? இல்லை, எக்ஸ்சேஞ்ச் கொடுப்பது அவர் விருப்பம். என்னைக் கேட்டால் விதியின் பெரிய ஓட்டை இதுதான், பாம்பன் தெருவிலிருந்து மறுசுழற்சி ஆலை வரை யார் தூக்கிக்கொண்டு போவது? 1000 பொருளுக்குக் குறையாமல் பயன்படுத்துகிற பெரிய நிறுவனங்களுக்குப் பொறுப்பைத் தெளிவாகச் சொல்லும் விதி, வீடுகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அதனால் பொருளின் பின்னால் இருக்கிற வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் போட்டு, பழையதை எங்கே ஒப்படைக்கலாம் என்று கேளுங்கள். நாலு தெரு சேர்ந்து மொத்தமாகக் கொடுத்தால் வண்டி வர வாய்ப்பு அதிகம்.

எங்கே கொடுத்தாலும் முழுசாகக் கொடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் செம்புக்குழாய்க்காக ஃபிரிட்ஜை வெட்டினார். புஸ்ஸென்று கேஸ் போனது, செம்பும் கம்ப்ரசரும் சாக்கில் ஏறின, உள்ளே இருந்த மஞ்சள் ஃபோம் மட்டும் துண்டுதுண்டாகக் காற்றில் பறந்து கரைவலைக்குள் போய்ச் சேர்ந்தது. குண்டு டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, டியூப் லைட்டில் பாதரசம். செம்புக்காக ஒயரைக் கடற்கரையில் கொளுத்துகிற புகை இன்னும் மோசம்.

அப்புறம் பேட்டரி. இன்வெர்ட்டர், படகு பேட்டரிகளுக்கு 2022இலேயே தனி விதி வந்துவிட்டது. அவற்றை டிவியோடு சேர்க்க வேண்டாம், புதுசு வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். செல்போன் கொடுப்பதாக இருந்தால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, உள்ளே இருப்பதை அழித்துவிட்டுக் கொடுங்கள்.