இன்ஜின் சத்தம் கேட்கவில்லை என்றால் காது தப்பித்துவிட்டது என்று யார் சொன்னது?

விசைப்படகில் டிரைவராக இருப்பவர், இரண்டு காதிலும் ‘ங்ய்ங்’ என்று இரைச்சல் என என்னிடம் காதுப் பரிசோதனைக்கு வருகிறார். ஆடியோகிராம், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம், எடுத்தால் 4000 ஹெர்ட்ஸில் கோடு பள்ளத்தில் கிடக்கிறது. சத்தத்தால் வந்த சேதம் என்று சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. காரணம் கழுத்தில் தொங்குகிறது, சவூதியிலிருந்து மகன் அனுப்பிய ஹெட்போன். “நாய்ஸ் கேன்சல் சார் இது. போட்டா இன்ஜின் சத்தமே கேக்காது. அப்புறம் எப்படி சத்தத்தால காது போகும்?” ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று ஊர்தான் மாறுகிறது. கேள்வி மாறுவதில்லை.

ஹெட்போன் மேல் எனக்குப் பகை இல்லை. சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க சென்னைக்குப் போகிறவருக்கு இது நல்ல பொருள். வண்டிச் சத்தம் அடங்கிவிடுவதால் பாட்டை வால்யூம் குறைத்தே கேட்கலாம், காதுக்கு அது லாபம். பாட்டுக் கேட்கச் செய்த கருவியைக் காதுக் கவசமாக நினைத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் பிரச்சினை.

எதை வெட்டுகிறது, எதை விடுகிறது என்று பார்ப்போம். வெளியே ஒரு மைக், நல்ல மாடல்களில் உள்ளேயும் ஒரு மைக். வரும் ஒலிக்கு நேரெதிர் அலையை ஸ்பீக்கர் போட்டு அடக்குகிறது. ஒரே சீராக வரும் தாழ்ந்த உறுமலுக்கு இது அருமையாக வேலை செய்யும். சுமார் 1000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் எதிர் அலையின் கை ஓங்காது, அதற்கு மேல் தடுப்பதெல்லாம் காதைச் சுற்றி இருக்கும் மெத்தைதான். சில மாடல்களில் 1000, 2000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தம் லேசாகக் கூடுவதும் உண்டு.

இப்போது இன்ஜினைப் பாருங்கள். ஆறு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் டீசல், 1800 ஆர்.பி.எம். என்றால் வினாடிக்கு 30 சுற்று, சுற்றுக்கு 3 வெடிப்பு, ஆக 90 ஹெர்ட்ஸ். நெஞ்சில் அதிர்கிற அந்த ‘தொம்’ இதுதான். ஹெட்போனைப் போட்டதும் காணாமல் போவதும் இதுதான். ஆனால் காதுக்கு ஆபத்து எவ்வளவு என்று கணக்கிடும் டி.பி.ஏ. அளவில், 90 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏற்கெனவே சுமார் 20 டெசிபல் தள்ளுபடி உண்டு. நம் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தம் என்பதால் வைத்த தள்ளுபடி. அதாவது உங்கள் ஹெட்போன் பிரமாதமாக அழிக்கிற உறுமல், ஆபத்துக் கணக்கில் சின்னப் பங்குதான். ‘நாக்’ என்கிற டீசலின் தட்டல் சத்தம், கியர் பாக்ஸின் ஊளை, டர்போ விசில், வின்ச் இழுக்கும்போது வரும் கிறீச்சு எல்லாம் 1000 முதல் 4000 வரை. தள்ளுபடியே இல்லாத இடம். காதின் நரம்பு முடிகள் முதலில் உதிர்வதும் அந்தப் பக்கம்தான். ‘சத்தமே இல்லை’ என்று மூளை சொல்லும்போது, கெடுதல் செய்கிற பகுதி உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது.

மேல் ஒலியை மெத்தை தடுக்காதா என்று கேட்பீர்கள். ஓரளவு தடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு என்று யாரும் அளந்து பொறுப்பேற்கவில்லை. பாதுகாப்புக் கவசம் என்றால் இ.என். 352 என்ற ஐரோப்பியத் தரம் போன்ற ஒன்றில் சோதித்து, எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதற்கு எஸ்.என்.ஆர். அல்லது என்.ஆர்.ஆர். என்று ஒரு எண் அச்சடித்திருப்பார்கள். பாட்டு ஹெட்போன் பெட்டியில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள், இருக்காது. ‘40 டெசிபல் வரை’ என்று போட்டிருப்பது வேறு சமாச்சாரம். ஏதோ ஒரு தாழ்ந்த அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு அது, எல்லா ஒலிக்கும் அல்ல. போதாததற்குத் தலையில் துண்டைக் கட்டி, அதன் மேல் ஹெட்போன். கண்ணாடிக் கம்பி மெத்தைக்கு அடியில் ஒரு இடைவெளி விட்டாலே அடைப்பு போச்சு, துண்டு என்றால் கேட்கவே வேண்டாம்.

இன்ஜின் அறையில் 100 டி.பி.ஏ. என்பது அதிசயமான எண் அல்ல. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷின் பரிந்துரைப்படி 85-க்கு 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2, 94-க்கு 1, 97-க்கு அரை மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் போட்டுவிட்டுப் போகிற படகு மறுநாள் காலைதான் கரைக்கு வருகிறது. நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதற்கு மேல் பாட்டும் ஓடுகிறது. அந்த அளவு சத்தத்தில் ஹெட்போனின் மைக்கே திணறிப் படபடவென்று அடிக்கும், அதை அமுக்க வால்யூமைக் கூட்டுவார்கள். இரட்டைச் சேதம்.

படகுக்கு வேண்டியது ஃபோம் இயர் பிளக், அல்லது காதை முழுக்க மூடும் இன்டஸ்ட்ரியல் இயர் மஃப். மஃப் பெட்டியில் என்.ஆர்.ஆர். 25 என்றிருந்தால் 25 டெசிபல் குறையும் என்று மகிழாதீர்கள். 7-ஐக் கழித்துப் பாதியாக்குங்கள், 9 வருகிறது. வேலைத்தளத்தில் நம்பிக் கணக்கில் எடுக்க வேண்டியது அவ்வளவே. பிளக், மஃப் இரண்டும் சேர்த்துப் போட்டால், எது பெரியதோ அதோடு 5 கூட்டிக்கொள்ளலாம். பிளக்கை அப்படியே திணித்தால் பிரயோஜனம் இல்லை. சுத்தமான கையால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரிந்து நிரம்பும் வரை 30 வினாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டு நின்றால் போட்டதாக அர்த்தமில்லை. ஒரு ஜோடி பிளக் டீயும் வடையும் வாங்கும் காசுதான். இருபதாயிரத்துக்கு ஹெட்போன் வாங்கத் தயாராக இருப்பவர் இதற்கு யோசிப்பதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

இனி, பாட்டுக்கும் பயணத்துக்கும் என்றே வாங்குகிறவர்களுக்கு. பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஏ.என்.சி.யா, இ.என்.சி.யா என்று. ஏ.என்.சி. என்றால் மேலே சொன்ன எதிர் அலை வேலை. இ.என்.சி. என்றால் நீங்கள் ஃபோனில் பேசும்போது எதிராளிக்குப் போகிற இரைச்சலைக் குறைப்பது. உங்கள் காதுக்கு அது ஒன்றும் செய்யாது. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் இதுதான். ‘நாய்ஸ்’ என்ற எழுத்தைப் பார்த்ததும் பணத்தை நீட்டிவிடுகிறார்கள்.

கடையில் சோதிப்பதற்கு உங்கள் ஃபோனையே எடுத்துப் போங்கள். ஏ.சி.யின் வெளி யூனிட் பக்கமோ, ஓடுகிற ஜெனரேட்டர் பக்கமோ நில்லுங்கள். முதலில் ஹெட்போனை ஆஃப் செய்தபடியே போடுங்கள், மெத்தை மட்டும் எவ்வளவு தடுக்கிறது என்று தெரியும். பிறகு பாட்டு எதுவும் போடாமல் ஏ.என்.சி.யை மட்டும் ஆன் செய்யுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கருவிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் காசு. உறுமல் சட்டென்று அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் ஒருவரைப் பேசச் சொன்னால் குரல் மெலிந்து கேட்கத்தான் செய்யும். அது பழுதல்ல, எதிர் அலைக்குப் பேச்சு அவ்வளவாகப் பிடிபடாது. அமைதியில் ‘ஸ்ஸ்’ என்ற சீறல் பலமாக இருக்கிறதா, காதுக்குள் அழுத்துவது போலத் தோன்றுகிறதா என்றும் கவனியுங்கள். சிலருக்கு அந்த அழுத்த உணர்வு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர் ஏ.என்.சி. அளவைக் கூட்டிக் குறைக்க முடிகிற மாடலைப் பார்க்கலாம்.

அடைப்பைச் சோதிக்க, கனத்த பாஸ் (தாழ்ந்த ஒலி) உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு இரண்டு மெத்தையையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். அழுத்தியதும் பாஸ் திடீரென்று கூடினால், அழுத்தாதபோது காற்று கசிகிறது. உங்கள் முகத்துக்கு அது பொருந்தவில்லை. கண்ணாடி போடுகிறவர் கண்ணாடியோடு பாருங்கள். தலைக்கு முக்காடோ துப்பட்டாவோ அணிகிற கீழக்கரை, தொண்டிப் பெண்கள் அதை அணிந்தபடியே பாருங்கள். துணி மெத்தைக்குள் சிக்கினால் பாஸும் போகும், ஏ.என்.சி.யும் பாதியாகும். வாயை மென்று, தலையைக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். காது மடல் முழுக்கக் குழிக்குள் அடங்க வேண்டும், உள்ளே உள்ள துணியில் உரசக் கூடாது. எடை 250 கிராம் பக்கம் இருந்தால் இரண்டு மணி நேரம் தாங்கும். 385 கிராம் கொண்ட ஆப்பிள் ஏர்பாட்ஸ் மேக்ஸை நம் வெயிலில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நம் கடற்கரைக்கென்று கட்டாயமான சோதனை காற்று. டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக இரண்டடி தூரத்தில் வைத்து ஏ.என்.சி.யை ஆன் செய்யுங்கள். வெளி மைக்கில் காற்று மோதி, அந்த மோதலையே ஸ்பீக்கர் சத்தமாக்கி உள்ளே தரும். பாம்பனில் கச்சான் அடிக்கிற ஆடி மாதத்தில் இதைவிடப் பல மடங்கு. காற்றைக் குறைக்கும் மோட் இருக்கிறதா, ஏ.என்.சி.யைத் தனியாக அணைக்க முடிகிறதா என்று கேளுங்கள். அப்படியே ஒரு ஃபோன் கால் செய்து, எதிர்முனையில் உங்கள் குரல் எப்படிப் போகிறது என்றும் விசாரித்துவிடுங்கள்.

தொடு பட்டையை விட அமுக்கும் பட்டனே மேலானது. வியர்வையும் உப்பும் படிந்த விரல் தொடு பட்டையில் சரியாகப் பிடிக்காது. சார்ஜ் தீர்ந்த பிறகும் வயர் போட்டுக் கேட்க முடிகிறதா என்றும் பாருங்கள், எல்லா மாடலிலும் முடியாது. ஐபோன் வைத்திருப்பவர், ப்ளூடூத்தில் பாட்டைத் துல்லியமாக அனுப்பும் எல்.டி.ஏ.சி. என்ற முறையின் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ஐபோனில் அது கிடையாது, ஏ.ஏ.சி.தான். வளைகுடாவில் வாங்கியதென்றால் வாரண்டி இங்கே செல்லுமா என்று அனுப்புகிறவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். நிறுவனத்தின் சொந்தச் செயலியில் ஹெட்போன் இணையவில்லை என்றால் போலியாக இருக்கலாம்.

உப்புக் காற்றுக்கு வருவோம். தண்ணீர் தாங்கும் தரமாக ஐ.பி.எக்ஸ். 4 என்று போட்டிருந்தால்கூட அது நல்ல தண்ணீர் தெறிப்புக்கான சோதனை, கடல் நீருக்கு அல்ல. காதை மூடும் பெரிய ஹெட்போன்கள் பலவற்றுக்கு அந்த எண்ணே இருக்காது. சார்ஜ் போடும் யூ.எஸ்.பி. சி துளைக்குள் உப்பு ஈரம் இருக்கும்போது வயரைச் செருகினால் மின்சாரம் பாய்ந்து பின்கள் பச்சை பூக்கும். பிறகு சார்ஜ் ஏறவில்லை என்று ஹெட்போனைத் திட்டிப் பயனில்லை. நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, முழுக்கக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், தூசுதான் துளைக்குள் போகும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தால் போதும். படகு ஓட்டும் வீல் ஹவுஸின் கண்ணாடி ஓரம் வெயிலில் கிடந்தால் பேட்டரி சீக்கிரம் நாசமாகும். ரெக்சின் மெத்தை ஈர வெக்கையில் நாளடைவில் செதில் செதிலாக உரிவது அந்தப் பொருளின் இயல்பு. மாற்று மெத்தை தனியாகக் கிடைக்காத மாடலை நம் ஊரில் வாங்குவது வீண். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் இன்னும் சீக்கிரம் உரியும்.

ஏ.என்.சி. போட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் ஓட்டாதீர்கள். கடலில் வலை இழுக்கும்போதும், வி.எச்.எஃப். ரேடியோ செட் காவலில் இருக்கும்போதும் போடாதீர்கள். இதற்கு விளக்கம் வேறு வேண்டுமா?

காதில் சீழ், அரிப்பு, நமைச்சல் இருக்கும்போது எந்த ஹெட்போனும் வேண்டாம். சங்கு குளிக்கிறவர்களும், பாசி எடுக்க முங்குகிற அக்காமார்களும் இதைத் தயவுசெய்து கேளுங்கள். ஈரக் காதை மெத்தையால் மூடி வைத்தால் பூஞ்சைக்கு விருந்து. தண்ணீரிலிருந்து வந்ததும் தலையைச் சாய்த்து நீரை வடியவிட்டு, துண்டால் வெளிக்காதை மட்டும் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு போடுங்கள். ஒருவர் ஹெட்போனை வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் போடுவதையும் நிறுத்துங்கள். காய்ச்சிய தேங்காய் எண்ணெயைக் காதில் விடுவது பற்றி ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது.

வால்யூம் கணக்கு ஒன்று. உலக சுகாதார அமைப்பு சொல்வது பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம், 80 டெசிபல். பிள்ளைகளுக்கு 75. ஐபோனில் ஹெட்போன் பாதுகாப்பு அமைப்பில் மேல் வரம்பை 75 டெசிபல் வரை இறக்கி வைக்க முடியும். ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றிலும் வால்யூம் வரம்பு இருக்கிறது. பிள்ளையின் ஃபோனில் இன்றைக்கே அதைப் போட்டுவிட்டு, மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டு வையுங்கள்.

கடலுக்குப் போகிறவர்கள் காதுப் பரிசோதனைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் வாருங்கள். கரையேறிய அன்றே எடுத்தால் காது மந்தமாகத்தான் இருக்கும். தற்காலிகமாக மந்தமானது எது, நிரந்தரமாகப் போனது எது என்று பிரிக்க முடியாது. குறைந்தது 16 மணி நேரம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு வர வேண்டும், 61 நாள் தடைக்காலத்தில் அது கஷ்டமே இல்லை. வரும்போது ஹெட்போனையும் ஃபோனையும் எடுத்து வாருங்கள், எந்த வால்யூமில் கேட்கிறீர்கள் என்று பார்த்துவிடலாம். போன வருட ஆடியோகிராம் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், அதிலேயே எழுத வேண்டியிருக்கும்.