உறைநிலம்: பனியல்ல, மண்

"நிரந்தர உறைபனி உருகுவதால் அலாஸ்காவின் கடலோரக் கிராமங்கள் சரிகின்றன." பருவநிலை பற்றிய தமிழ்ச் செய்திகளில் இந்த வாக்கியமோ இதன் உடன்பிறப்போ அடிக்கடி கண்ணில் படுகிறது. முதல் மூன்று சொல்லும் பிழை. நிரந்தரமானது எப்படி உருகும் என்று எந்த உதவி ஆசிரியரும் கேட்டதாகத் தெரியவில்லை. போகட்டும். அந்த வாக்கியம் பேச வந்ததே பனியைப் பற்றி அல்ல, மண்ணைப் பற்றி.

ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. பெர்மனன்ட், ஃப்ராஸ்ட் என்ற இரண்டையும் வெட்டி ஒட்டி 1943இல் பெர்மாஃப்ராஸ்ட் என்று ஆக்கியவர் சீமன் முல்லர். ரஷ்யாவில் பிறந்து அமெரிக்க நிலவியல் அளவைத் துறையில் பணியாற்றியவர். போர்க்காலத்தில் ராணுவப் பொறியாளர்களுக்கு எழுதிய அறிக்கைக்குச் சுருக்கமான ஒரு பெயர் வேண்டியிருந்தது, ஒட்டிவிட்டார். அறிவியல் தரும் இலக்கணமோ இதுதான்: தொடர்ந்து குறைந்தது இரண்டு ஆண்டுகள் சுழியம் டிகிரி செல்சியஸிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலம். மண்ணோ சரளையோ பாறையோ, எதுவாகவும் இருக்கலாம். ஈரப்பசையே இல்லாத பாறைகூட இந்தக் கணக்கில் சேரும். இரண்டு ஆண்டு என்பதை 'நிரந்தரம்' என்று மொழிபெயர்க்க நமக்கு மனம் வருகிறது என்றால், வாடகை வீட்டையும் சொந்த வீடு என்று எழுதலாம்.

பெயர் சரியில்லை என்பது ஆங்கிலத்தில் எழுதியவர்களுக்கே அப்போதே தெரிந்தது. கிர்க் பிரையன் என்ற அறிஞர் 1946இலேயே இந்தச் சொல்லைக் குறைகூறி, மாற்றாக 'பெர்ஜெலிசால்' என்று ஒன்றை முன்வைத்தார். ஆங்கிலம் அதைச் சீண்டவில்லை, பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் கடைசி உறுப்பு 'சால்' என்றால் நிலம். பிரெஞ்சுக்காரர் சொல்லில் நிலம் இருக்கிறது, ஆங்கிலேயர் சொல்லில் இல்லை. நாம் யாரைப் பார்த்து எழுதினோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி உறைபனி. இந்தச் சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியின் புல்வெளிகளில் விடியற்காலையில் வெள்ளையாகப் படிந்து, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் காணாமல் போகிறதே, அதுதான் உறைபனி. அதன் இயல்பே நிலையாமை. அதற்கு முன்னால் 'நிரந்தர' என்று போட்டால் தமிழ் வாசகனின் மனத்தில் என்ன விரியும்? விடியாத ஊட்டி. மண்ணுக்குள் உறைந்த நீர் மண்ணைக் கெட்டிப்படுத்தியிருப்பது உண்மைதான். அதற்காக மொத்தத்தையும் உறைபனி என்பது தயிரை உறைமோர் என்று அழைப்பதற்குச் சமம். உறைய வைத்தது எது, உறைந்து கிடப்பது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

'நிலத்தடி உறைபனி' என்று எழுதுவோரும் உண்டு. முந்தையதைவிட மேல், நிலம் என்ற சொல்லாவது உள்ளே வந்துவிட்டது. ஆனால் வந்த நிலம் வெறும் கூரையாக நிற்கிறது. அதன் அடியில் தனியாக ஒரு பனிப்பாளம் படுத்திருப்பதாகத்தான் வாசிக்கும்போது தோன்றும். இதற்கு வக்காலத்து வாங்குவோர், மண்ணுக்குள் உண்மையிலேயே ஆப்பு வடிவில் பனிக்கட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அந்த ஆப்புகள் உருகினால் மேல்நிலம் குழிந்து உட்காரும் என்பதும் சரி. ஆனால் அவை நிலத்தின் ஓர் உறுப்பு. உத்கியாக்விக்கில், 2016 வரை பாரோ என்று அழைக்கப்பட்ட அலாஸ்காவின் வடகோடி ஊரில், உறைந்த நிலம் சுமார் 400 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. அத்தனையும் பனியா?

இந்தக் குழப்பத்தால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்பவர்கள் அலாஸ்காவின் பழங்குடிகளான இனுபியாட் மக்களின் சிக்லுவாக்கைப் பார்க்க வேண்டும். அலாஸ்காவின் வடக்குக் கரையில் திமிங்கில வேட்டைக் குடும்பங்கள் வைத்திருக்கும் நிலவறை அது. தரையில் ஒரு மரக்கதவு. திறந்தால் கீழே செங்குத்தாக ஒரு குழி. ஏணி வைத்து இறங்கினால் உறைந்த மண்ணையே குடைந்த அறை. கரைக்கு இழுத்து வந்து பங்கிட்ட வில்தலைத் திமிங்கிலத்தின் இறைச்சியும், தோலும் கொழுப்புமாகச் சேர்ந்த மக்தக்கும் அங்கே அடுக்கப்படும். மின்சாரம் வேண்டாம். வசந்தகால வேட்டைக்கு முன் அறையைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதுப்பனி பரப்புவார்கள். துப்புரவான நிலவறை உள்ள வீட்டுக்குத்தான் திமிங்கிலம் தன்னைக் கொடுக்கும் என்பது நம்பிக்கை. ஆங்கிலத்தில் இதற்கு ஐஸ் செல்லர் என்று பெயர். உடனே நம்மவர் 'பனிக்கட்டிப் பாதாள அறை' என்று எழுதிவிட்டார். சுவர் மண், கூரை மண், தரை மண். மேலே தூவிய பனி மட்டும்தான் பனி. உத்கியாக்விக்கிலும் பாயின்ட் ஹோப்பிலும் இப்போது இந்த அறைகளில் சில கசிகின்றன, தண்ணீர் தேங்குகிறது, இறைச்சி கெடுகிறது. காரணங்களில் ஒன்று, சுவரான மண் இளகுவது. 'பனி உருகி' என்று எழுதினால், உருகியதற்குப் பதில் புதுப்பனியை அள்ளிப் போட்டால் தீர்ந்தது என்றுதான் வாசகன் நினைப்பான்.

மண் உருகாது. வெல்லம் உருகும், வெண்ணெய் உருகும், பக்தன் உருகுவான். கெட்டியாக இருந்த மண் இளகும். இந்த அருமையான வினைச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் உருகுகிறோம் என்று விளங்கவில்லை. அலாஸ்காவின் மேற்குக் கரையில் உள்ள ஷிஷ்மரெஃப் என்ற கிராமம் ஒரு மணல்தீவு. மணலை ஒட்டிப் பிடித்திருப்பது அதற்குள் உறைந்த நீர். முன்பெல்லாம் இலையுதிர் காலப் புயல் வரும்போது கரையோரக் கடல் உறைந்திருக்கும், அலை கரையைத் தொடாது. இப்போது கடல் தாமதமாக உறைகிறது. அலை வந்து இளகிய கரையின் அடியை அரிக்கிறது, மேலே உள்ள நிலம் துண்டு துண்டாக விழுகிறது. 2016 ஆகஸ்டில் அந்த ஊர் மக்கள் 89-க்கு 78 என்ற கணக்கில் ஊரையே இடம் மாற்ற வாக்களித்தார்கள். இந்த நிகழ்வில் கடற்பனி ஒன்று, உறைந்த நிலம் மற்றொன்று. இரண்டையும் 'பனி' என்ற ஒரே மூட்டையில் கட்டினால் எது எதைக் கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? போதாக்குறைக்குப் பனியாறும், கடலில் மிதக்கும் பனிமலையும்கூட நமக்கு ஒரே 'பனிப்பாறை'தான்.

ஆகவே உறைநிலம். வினைத்தொகை, உறைந்த, உறையும், உறைந்தே கிடக்கும் என்று மூன்று காலத்துக்கும் இடம் தரும். காலத்தை அழுத்த வேண்டிய இடத்தில் 'நெடுநாள் உறைநிலம்' என்று சேர்த்துக்கொள்ளலாம். 'உறைமண்' என்று சிலர் சொல்லக்கூடும். பாறையை என்ன செய்வது? உறைதல் என்றால் வசித்தல் என்றும் பொருள், இறைவன் உறையும் இடம் என்கிறோமே, மயக்கம் வராதா என்று புலவர்கள் கேட்பார்கள். உறைபனியைப் படித்து, குடியிருக்கும் பனி என்று இதுவரை யாரும் மயங்கவில்லை. அப்படியே மயங்கினாலும் மக்கள் உறைகிற நிலம்தானே, குற்றமில்லை. 'உறைநிலை'யோடு மோதும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அச்சுக்கோப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மூலகாரணம், பொருளைப் பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துப் பெயர்ப்பது. உறைநிலத்தின் மேலே கோடையில் இளகி, குளிரில் மீண்டும் உறையும் மெல்லிய பகுதி உண்டு; உத்கியாக்விக் பக்கம் அரை மீட்டருக்கும் குறைவு. ஆங்கிலத்தில் ஆக்டிவ் லேயர். தமிழில் 'செயலில் உள்ள அடுக்கு' என்று படித்தேன். என்ன செயலில்? அரசுத் திட்டமா அது? இன்னொரு இடத்தில், அலாஸ்காவின் இன்னொரு கடலோரக் கிராமமான கிவலினாவின் வீடுகளில் மக்கள் 'தேன் வாளி' பயன்படுத்துவதாக எழுதியிருந்தது. குழாய்நீரும் கழிவுக்குழாயும் இல்லாத வீட்டில், உள்ளே நெகிழிப்பை விரித்துக் கழிப்பறையாக வைத்திருக்கும் வாளிக்கு அந்த ஊரில் ஹனி பக்கெட் என்று கேலிப்பெயர். மொழிபெயர்த்தவர் வாசகனுக்குத் தேன் ஊட்டிவிட்டார்.

ஆக்டிவ் லேயருக்கு நான் 'இளகுபடலம்' என்று எழுதிவருகிறேன். 'படலம்' கொஞ்சம் மெலிதாக ஒலிக்கிறது, அரை மீட்டர் மண்ணுக்குப் போதவில்லை. 'இளகுமண்' ஆகலாம், கேட்கும்போது சேறு என்று படுகிறது. கோடையில் அங்கே நடந்தால் காலில் ஒட்டுவதும் கிட்டத்தட்ட அதுதான்.