இரவு செபம் விசாரணையாக மாறும்போது

ஆன்ம வழித்துணை நாடி வருகிறவர்களிடம் முதல் சந்திப்பிலேயே நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேற்று இரவு படுக்கப் போகும் முன் கடவுளிடம் என்ன பேசினீர்கள்?" சிலர் மனப்பாடமான செபங்களைச் சொல்லி முடித்ததாகச் சொல்வார்கள். வேறு சிலர், சற்றுத் தயங்கிய பிறகு, அன்று செய்த தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணி மன்னிப்புக் கேட்டதாகவும், அதற்குப் பின் வெகுநேரம் தூக்கம் வரவில்லை என்றும் சொல்வார்கள். இந்த இரண்டாம் வகையினரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அவர்கள் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு நல்ல செபமுறையை யாரோ பாதி மட்டும் கற்றுக்கொடுத்ததால் வருந்துகிறவர்கள்.

கழிந்த நாளைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கும் அந்தச் செபமுறைக்குக் கத்தோலிக்கரான நம் வழக்கில் 'ஆன்ம சோதனை' என்று பெயர். சோதனை என்ற சொல் நமக்குத் தேர்வையும் துன்பத்தையும் பாவத் தூண்டுதலையும் ஒருங்கே நினைவுபடுத்துவதால், அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே பலருடைய மனம் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுவிடுகிறது. ஆனால் 139ஆம் திருப்பாடலின் இறுதியில் வரும் மன்றாட்டைக் கவனியுங்கள். 'இறைவா, நீர் என்னை ஆய்ந்து அறியும்' என்றுதான் அங்கே பாடுகிறவர் கேட்கிறார். 'நான் என்னை ஆய்ந்து உமக்கு அறிக்கை தருகிறேன்' என்று சொல்லவில்லை. அந்தப் பாடலின் தொடக்கம் முழுவதும், தான் உட்காருவதையும் எழுவதையும் அறிந்த ஒருவர், தாயின் வயிற்றிலேயே தன்னை உருவாக்கிய ஒருவர், தன்னைச் சூழ்ந்திருக்கிறார் என்ற வியப்பே நிறைந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் ஊன்றி நின்ற பிறகே 'ஆய்ந்து அறியும்' என்று கேட்கும் துணிவு அவருக்கு வருகிறது.

இந்தப் பயிற்சியை ஒழுங்குபடுத்தித் தந்தவர் இயேசு சபையை நிறுவிய புனித இலொயோலா இஞ்ஞாசியார். 1521ஆம் ஆண்டு மே மாதம் வட ஸ்பெயினில் உள்ள பாம்பலோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு தாக்கிக் கால் முறிந்த அவர், தம் குடும்ப மாளிகையில் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்க வீரக் கதைகள் கேட்டார். அந்த வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கையைப் பற்றிய நூலும் புனிதர் வரலாறுகளும் மட்டுமே. படிக்காத நேரங்களில் அவர் பகற்கனவு கண்டார். ஒரு நேரம் உயர்குலப் பெண்மணி ஒருவருக்காகத் தாம் செய்யப்போகும் சாகசங்களை மணிக்கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார். இன்னொரு நேரம் புனித பிரான்சிசும் புனித தோமினிக்கும் செய்தவற்றைத் தாமும் செய்வதாக நினைப்பார். நினைக்கும்போது இரண்டுமே இனித்தன. கலைந்த பிறகுதான் வேறுபாடு தெரிந்தது: முதல் வகை நினைவுகள் நெஞ்சை வறண்டுபோகச் செய்தன, இரண்டாம் வகை நினைவுகள் விட்டுச்சென்ற நிறைவு நீடித்தது. ஒரு நாள் இந்த வேறுபாடு அவர் கண்ணில் பட்டது. 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் வித்து அந்த நோய்ப்படுக்கையில் விழுந்தது என்று சொன்னால் மிகையாகாது. அங்கே அவர் முதலில் கவனித்தது பாவப் பட்டியலை அல்ல. ஒரு நினைவு வந்துபோன பின் உள்ளத்தில் எஞ்சியிருந்த சுவையை.

அந்த நூல் நாளின் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகளைத் தருகிறது: பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது, தன் பாவத்தை அறியும் அருளைக் கேட்பது, எழுந்த நேரம் முதல் அந்த வேளை வரை மணிக்கு மணி திரும்பிப் பார்ப்பது, மன்னிப்பு வேண்டுவது, கடவுளின் துணையோடு திருந்த உறுதி கொள்வது. என் அனுபவத்தில், மக்கள் தாண்டிச் செல்வது முதல் இரண்டையும்தான். நன்றி சொல்வதை ஒரு மரியாதைக்கான முன்னுரை என்று நினைத்து ஒரே வரியில் முடித்துவிட்டு நேராகக் குற்றங்களுக்குப் போய்விடுகிறார்கள். நன்றி முதலில் வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அன்பு பெற்றிருக்கிறேன் என்று உணர்ந்த ஒருவரால்தான் தன் தவறை மறைக்காமலும் பெரிதாக்காமலும் பார்க்க முடியும். ஆகவே 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொதுவாகச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். இன்று யாரோ ஒருவர் பேச்சை நிறுத்தி நீங்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார் என்றால், அந்த முகத்தை நினைவில் கொண்டுவந்து அதற்காக நன்றி சொல்லுங்கள். அப்படி ஒன்றிரண்டு போதும்.

இரண்டாம் படி ஒளி கேட்பது. அது ஒரே ஒரு மூச்சளவு நேரம் பிடிக்கும் மன்றாட்டுத்தான் என்றாலும், அதைச் சொல்லாவிட்டால் நாளைப் பார்க்கும் கண் நம்முடைய கண்ணாகவே இருந்துவிடும். நம் கண்ணோ ஒரு நாள் நம்மையே மன்னிக்காது, மறுநாள் நம் குற்றத்தைக் காணவே காணாது.

மூன்றாம் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். நாளைத் திரும்பிப் பார்க்கும்போது நிகழ்ச்சிகளை மட்டும் பார்க்காமல், அவற்றின் ஊடே உள்ளம் எப்படி அசைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு நடைமுறைத் தடை குறுக்கிடுகிறது. 'டென்ஷனாக இருந்தது' என்ற ஒரு தொடரால் இன்று நாம் எல்லா உணர்வுகளையும் மூடிவிடுகிறோம். அந்த மூடியைத் திறந்தால் உள்ளே எரிச்சல் இருக்கலாம், மனத்தாங்கல் இருக்கலாம், அவமானம், ஏக்கம், பொறாமை, பதற்றம், வெறும் உடல் அசதிகூட இருக்கலாம். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செபத்தைக் கேட்பவை. பொறாமைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும். அசதிக்கோ மன்னிப்புத் தேவையில்லை, ஓய்வு தேவை. இவ்வளவு நுட்பமான சொற்கள் நம் மொழியில் கிடக்க, ஒரே சொல்லால் நம்மை நாமே குழப்பிக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

அடையாளம் தெரியாதபடி மாற்றி ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு தந்தை ஏறக்குறைய மூன்று மாதங்களாகத் தம் குறிப்பேட்டில் 'பிள்ளைகளிடம் கோபப்பட்டேன்' என்ற ஒரே வரியை எழுதிவந்தார். ஒவ்வோர் இரவும் மன்னிப்பு, ஒவ்வொரு காலையும் தீர்மானம், ஒவ்வொரு மாலையும் அதே கோபம். கோபத்தைப் பற்றி எழுதுவதைச் சிறிது காலம் நிறுத்திவிட்டு, அது வெடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு உள்ளத்தில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்து அவரே கண்டுகொண்டார்: வேலையிடத்தில் தம்முடைய உழைப்பை யாரும் பொருட்படுத்தாத நாள்களிலேயே வீட்டில் குரல் உயர்ந்தது. கோபத்துக்குக் கீழே அவமானம் இருந்தது. அதை அவர் அதுவரை கடவுளிடம்கூடச் சொன்னதில்லை. ஆண்பிள்ளை சொல்லக்கூடாத ஒன்று என்று எண்ணியிருந்தார். அதைச் சொல்லத் தொடங்கியபின் கோபம் அற்றுப்போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, 'ஆண்டவரே, இன்று நான் காயத்தோடு வந்திருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகப் பழகினார். பிள்ளைகளிடம் அவர் கேட்ட மன்னிப்பும் அதன்பிறகே உண்மையான மன்னிப்பாக இருந்தது.

ஒரே குறையைக் குறிவைத்துப் போராட விரும்புகிறவர்களுக்கு இஞ்ஞாசியார் தனி வழி ஒன்றும் தருகிறார். காலையில் எழும்போதே அந்தக் குறையை நினைத்துக்கொள்வது, நண்பகலிலும் இரவிலும் அதைப்பற்றி மட்டும் கணக்குப் பார்ப்பது, அதில் விழும் ஒவ்வொரு முறையும் உடனே நெஞ்சில் கைவைத்து வருந்துவது. பிறர் நடுவில் இருக்கும்போதும் யாரும் கவனிக்காமல் இதைச் செய்யலாம் என்கிறார். மனத்தைத் தட்டி எழுப்ப உடலின் சிறு அசைவு ஒன்று போதும் என்று அவர் அறிந்திருந்தார். இப்பயிற்சி பயனுள்ளதே, ஆனால் குற்ற உணர்வு மிகுந்தவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை.

உள்ளத்தில் எழும் குரல்களில் எது கடவுளிடமிருந்து வருகிறது என்று பலர் கேட்கிறார்கள். நல்ல வழியில் முன்னேற முயல்கிறவரின் உள்ளத்தை நல்ல ஆவி நீர்த்துளி பஞ்சில் இறங்குவதுபோல மென்மையாகத் தொடும், தீய ஆவியோ நீர்த்துளி பாறையில் விழுவதுபோல ஓசையோடும் கலக்கத்தோடும் தொடும் என்பது அந்த நூலில் உள்ள உவமை. தீமையில் ஆழ்ந்து செல்கிறவருக்கு இது நேர்மாறாக நடக்கும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. உண்மையான மனவருத்தம் வலித்தாலும் ஒரு குறிப்பிட்ட செயலைச் சுட்டிக்காட்டும்: 'அவரிடம் நீ பொய் சொன்னாய், நாளை போய்ச் சரிசெய்.' பாழ்படுத்தும் குரல் செயலைச் சுட்டாது, ஆளையே தீர்த்துக்கட்டும்: 'நீ எப்போதுமே இப்படித்தான், உன்னால் ஒன்றும் ஆகாது.' இந்த இரண்டாம் குரலை மனச்சான்று என்று எண்ணிப் பணிந்து நடக்கும் நல்லவர்கள் ஏராளம். ஆன்ம வறட்சி சூழ்ந்திருக்கும் நாள்களில் முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றாதீர்கள் என்ற இஞ்ஞாசியாரின் விதியையும் இதனோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

இனி, எச்சரிக்கையாக மூன்று செய்திகள்.

முதலாவது, ஐயுறும் மனச்சான்று. மன்னிக்கப்பட்ட பாவத்தையே மீண்டும் மீண்டும் அறிக்கையிடுவது, சரியாகச் சொன்னோமா என்று ஐயுற்று ஒரே செபத்தைப் பலமுறை தொடங்குவது, ஒரு எண்ணம் தானாக வந்துபோனதையே பெரும்பாவமாகக் கருதி நடுங்குவது ஆகியவை பக்தியின் ஆழம் அல்ல. இஞ்ஞாசியாரே ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்த காலத்தில் இத்தகைய வதையில் சிக்கி, உயிரை மாய்த்துக்கொள்ளும் தூண்டுதல்வரை போனார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகே விடுபட்டார். எல்லாருக்கும் அப்படித் தானாக விடுபட முடிவதில்லை. இது, வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப ஒருவரை வற்புறுத்தும், மருத்துவர்கள் ஓ.சி.டி. என்று அழைக்கும் நோயின் ஒரு வடிவமாகவும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. இந்நிலையில் இருப்பவர் தன்னாய்வைக் கூட்டக் கூடாது. நிறுத்தி வைக்க வேண்டும், மனநல மருத்துவரையும் பார்க்க வேண்டும். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இரவு செபம் முடியட்டும் என்று காத்திராமல் அப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, களைப்பு. அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில், சாக வேண்டும் என்று கேட்டுப் படுத்துவிட்ட இறைவாக்கினர் எலியாவிடம் வானதூதர் அவருடைய விசுவாசக் குறைவைப் பற்றிப் பேசவில்லை. 'எழுந்து சாப்பிடு' என்கிறார், அதுவும் இருமுறை. இரண்டுக்கும் நடுவே அவரைத் தூங்கவும் விடுகிறார். மெல்லிய ஒலியில் ஆண்டவர் பேசுவது அதற்கெல்லாம் பின்னர்தான். இரவுப்பணி முடித்தவர்களும், கைக்குழந்தை உள்ள தாய்மாரும் படுக்கும் நேரத்தில் தன்னாய்வு செய்ய முயன்று தோற்றதற்காக வருந்த வேண்டியதில்லை. நண்பகலிலோ, மறுநாள் காலையிலோ செய்யலாம். பத்து நிமிடம் போதும்.

மூன்றாவது, நான் மிகுந்த கவலையோடு சொல்வது. வீட்டில் அடிபடுகிற பெண்கள் சிலர், 'இன்று அவர் கைநீட்டும்படி நான் என்ன தவறு செய்தேன்' என்று ஒவ்வோர் இரவும் தங்களையே ஆராய்கிறார்கள். அன்புகூர்ந்து அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். பிறர் செய்யும் வன்முறை உங்கள் ஆன்ம சோதனைக்குரிய பொருள் அன்று. அங்கே ஒளி கேட்க வேண்டியது பாதுகாப்பான இடத்துக்கும் உதவிக்குமே. அந்த நிலையில் இருப்பவரிடம் பொறுமையை மட்டும் போதிக்கும் வழிகாட்டி தம் பணியைச் சரியாகச் செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கும் படி நீளமாக இருக்கத் தேவையில்லை. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் உவமையில், கோவிலில் வேண்டிய வரிதண்டுபவர் சொன்னது ஒரே வரி: 'கடவுளே, பாவியாகிய என்மீது இரங்கியருளும்.' அதே கோவிலில் வேண்டிய பரிசேயரும், அதாவது சமயச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதக் குழுவைச் சேர்ந்தவரும், தம்மைத் தாமே ஆராய்ந்தவர்தான். நோன்பும் காணிக்கையும் எல்லாம் அவருடைய கணக்கில் சரியாக இருந்தன. கீழைத் திருச்சபைகளின் துறவியர் வழிவழியாகச் சொல்லிவரும் இயேசு செபமும் ஏறத்தாழ இதே வரிதான். மூச்சோடு இணைத்து நடக்கும்போதும் வேலைக்கு நடுவிலும் சொல்லலாம் என்பதால், நீண்ட செபத்துக்கு அமர முடியாதவர்களுக்கு அது பெரிய துணை. வேறு சிலருக்கு, விவிலியத்தின் ஒரு சிறு பகுதியை மெதுவாக வாசித்து, நெஞ்சில் தைத்த சொல்லோடு தங்கியிருக்கும் இறைவாசக முறை பொருந்தும். எது பொருந்துகிறது என்பதை ஓரிரு வாரம் செய்துபார்த்துத்தான் அறிய முடியும்.

நாளைய தினத்துக்கான உறுதி ஒன்றே ஒன்றாகவும், செய்யக்கூடிய அளவிலும் இருக்கட்டும். 'இனி பொறுமையாக இருப்பேன்' என்பதைவிட, 'நாளை அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிட மாட்டேன்' என்பது மேல். முடிவில் ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லும்படி இஞ்ஞாசியார் கேட்கிறார். அந்தச் செபத்தில் 'என்' என்ற சொல் எங்கும் வருவதில்லை, 'எங்கள்' மட்டுமே வருகிறது என்பதைத் தன்னையே நோக்கிக்கொண்டிருந்த சில நிமிடங்களுக்குப் பின் கேட்கும்போது மனம் சற்று விரிகிறது.

குறிப்பேடு வைத்துக்கொள்வதானால் நாளுக்கு இரண்டு வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீளமாக எழுதினால் செபம் கட்டுரையாகிவிடும். மாதம் ஒருமுறை அதை எடுத்து, நம்பத்தக்க ஒருவரோடு, அவர் அருள்பணியாளராகவோ துறவியாகவோ பயிற்சி பெற்ற பொதுநிலையினராகவோ இருக்கலாம், அமர்ந்து பேசுங்கள். முழுவதையும் படித்துக்காட்ட வேண்டாம். எந்தச் சொல் அடிக்கடி வந்திருக்கிறது, எந்த நாள்களில் உள்ளம் இலேசாக இருந்தது என்ற இரண்டை மட்டும் சொல்லுங்கள். அவர் கேட்கும் முதல் கேள்விக்கு உடனே பதில் வராவிட்டால், அதையே அடுத்த மாதத்துக்கான செபமாக எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.